எட்டு போட்டவங்களுக்கே மறுபடியும் எட்டா?

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பிரிட்டன்ல பைக் லைசன்ஸ் எடுக்குறது பத்தி ரெண்டு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல அதேதான். விசா, ரேஷன் அரிசி கேட்டவங்க எல்லாம் கோச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: சார், மதுரைல காலேஜ் நாள்லேருந்து பைக் ஓட்டுறேன், 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, கடைசியா வெச்சிருந்தது புல்லட் 350. லண்டன் வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இப்ப பைக் வாங்கலாம்னு போனா முதல்ல சிபிடின்னு ஒரு கட்டாய அடிப்படை பைக் பயிற்சி இருக்கு, அதை முடிச்சுட்டு வாங்கன்றாங்க. 16 வயசு பசங்களோட நின்னு கிளட்ச் எது பிரேக் எதுன்னு நான் படிக்கணுமா? ஆர்டிஓல எட்டு போட்டு வாங்கின லைசன்ஸுக்கு மதிப்பே இல்லையா? (ஹாரோ வாசகர்)

பதில்: மதிப்பு இருந்துச்சு, நீங்கதான் அதை பீரோல வெச்சு பூட்டிட்டீங்க. இந்திய லைசன்ஸோட இங்க குடி வர்றவங்க முதல் 12 மாசம் அதுல போட்டிருக்குற கார், பைக்கை தாராளமா ஓட்டலாம், எல் போர்டு கூட வேணாம். ஆனா அந்த 12 மாசம் வண்டி வாங்கின நாள்லேருந்து எண்றது இல்ல, குடி வந்த நாள்லேருந்து. அது முடிஞ்சா உங்க 20 வருஷம் சட்டத்தோட கண்ணுக்கு தெரியாது, ப்ரொவிஷனல் லைசன்ஸ், அதாவது நம்ம ஊர் எல்எல்ஆர் மாதிரி பழகுறவங்களுக்கான லைசன்ஸ் எடுக்கணும், சிபிடி முடிக்கணும், அப்புறம்தான் ரோடு. சில நாட்டு லைசன்ஸை இங்க அப்படியே மாத்திக்கலாம், அந்த லிஸ்ட்ல இந்தியாவும் இல்ல, இலங்கையும் இல்ல.

சிபிடி ஒண்ணும் நேத்து வந்த சட்டம் இல்ல, 1990 டிசம்பர் 1லேருந்து இருக்கு. அதுக்கு முன்னாடி இந்த ஊர்லயும் ப்ரொவிஷனல் கைல இருந்தா போதும், எல் போர்டு மாட்டிக்கிட்டு யாரும் எதுவும் சொல்லித்தராமலே நேரா ரோட்டுக்கு வந்துடலாம்னுதான் இருந்துச்சு.

ஒரு நாள் வேலைதான், அஞ்சு பகுதியா போகும். முதல்ல கண் பார்வை, நம்பர் பிளேட்டை 20 மீட்டர்லேருந்து படிக்க சொல்வாங்க, அப்புறம் ஹெல்மெட் டிரஸ் பத்தி பேச்சு. அடுத்து வண்டியை காட்டி எது எங்க இருக்குன்னு சொல்லி தள்ளி நிறுத்தி ஸ்டாண்டு போட வைப்பாங்க. மூணாவது மைதானத்துக்குள்ள ஓட்டுறது, மெதுவா போறது, யு டர்ன், சடன் பிரேக், ஆமா, எட்டும் உண்டு, சந்தோஷமா? நாலாவது ரோட்டு விதி பேச்சு, அஞ்சாவது குறைஞ்சது 2 மணி நேரம் நிஜ ரோட்டுல ஓட்டணும், ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு ரெண்டு பேருக்கு மேல கூடாது, காதுல ரேடியோ மாட்டி பின்னாடியே வந்து பேசிக்கிட்டே இருப்பாரு. பாஸ் ஃபெயில்னு கிடையாது, இவரை தனியா ரோட்டுல விடலாம்னு இன்ஸ்ட்ரக்டருக்கு நம்பிக்கை வந்தா டிஎல் 196ன்னு ஒரு சர்டிபிகேட் தருவாரு, வரலைன்னா இன்னொரு நாள் வாங்கம்பாரு.

இன்னொரு கெட்ட செய்தியும் இருக்கு. சிபிடியை வெச்சுக்கிட்டு 125 சிசி, 11 கிலோவாட்டுக்கு மேல ஓட்ட முடியாது, எல் போர்டு இருக்கணும், பின்னாடி வீட்டம்மாவை ஏத்தக்கூடாது, மோட்டர்வே பக்கமே போகக்கூடாது. அதனால புல்லட் ஆசை இருந்தா அதுக்கு அடுத்த டெஸ்டும் எழுதித்தான் ஆகணும். இங்கிலாந்துல ரெடிட்ச்ல பொறந்து 1955ல மெட்ராஸுக்கு வந்து திருவொற்றியூர்ல வளர்ந்த வண்டி அது, அதை ஓட்டி பழகினவரு இங்க வந்து எல் போர்டு மாட்டிக்கிட்டு 125ல போகணும்னா கொஞ்சம் கொடுமைதான், ஒத்துக்கிறேன்.

கேள்வி: அண்ணே, என் தம்பி கோயம்புத்தூர்ல 12 வருஷம் ஸ்ப்ளெண்டர் ஓட்டினவன், ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. போன மாசம் சிபிடி போனான், சாயங்காலம் இன்ஸ்ட்ரக்டர் இன்னொரு நாள் வந்து முடிச்சுக்கோங்கன்னு அனுப்பிட்டாரு. அதே பேட்ச்ல அன்னைக்குத்தான் முதல் தடவை வண்டியை தொட்ட ஒரு பொண்ணு சர்டிபிகேட்டோட வீட்டுக்கு போயிருச்சு. இது என்ன நியாயம்? தம்பி ரெண்டு நாளா சரியா சாப்பிடல. (க்ராய்டன் வாசகி)

பதில்: தம்பிக்கு முதல்ல சோத்தை போடுங்கம்மா, அவரு தனி ஆள் இல்ல. அந்த பொண்ணுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்ல, சொன்னதை சொன்னபடி செஞ்சிருக்கும், உங்க தம்பி கையும் காலும் 12 வருஷமா தானா ஒரு வேலை செஞ்சு பழகிருச்சு, அதை ஒரே நாள்ல நிறுத்துன்னா எப்படி நிறுத்தும்?

கியர்லயே ஆரம்பிக்கும். ஸ்ப்ளெண்டர்ல நியூட்ரல்லேருந்து நாலு கியரும் முன்னாடி மிதிச்சா விழும், பின்னாடி குதிகாலால மிதிச்சா குறையும். இங்க ட்ரெயினிங் வண்டில ஒண்ணு கீழ, மிச்சம் எல்லாம் மேல, குதிகால் வைக்க இடமே இருக்காது. வேகம் கூட்டணும்னு நினைச்சு கால் பழக்கத்துல கீழ மிதிச்சா வண்டி கத்திக்கிட்டு குலுங்கும், பின்னாடி வர்ற இன்ஸ்ட்ரக்டருக்கு வயித்துல புளி கரைக்கும். பழைய வலது கியர் புல்லட் ஓட்டினவங்க நிலைமை இதைவிட மோசம், பிரேக்குன்னு நினைச்சு கியரை மிதிப்பாங்க.

ஆனா கியர் எல்லாம் ஒரு மணி நேரத்துல பழகிடும், திருப்பி அனுப்புற அளவுக்கு அது பெரிய விஷயம் இல்ல. பெரிய விஷயம் கண்ணு. நம்ம ஊர்ல முன்னாடி இருக்குறதை பாத்து ஓட்டுவோம், பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சு தான் இருக்கேன்னு சொல்லிடுவான், அது அவன் பொறுப்பு, கண்ணாடியை கழட்டி வீட்டுல வெச்சவங்க எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும். இங்க ஹாரன் சத்தமே கேக்காது, அடிச்சா திட்டுறதா அர்த்தம். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி, லேன் மாறுறதுக்கு முன்னாடி, வலது பக்கம் திரும்புற கடைசி நொடில தோளுக்கு மேல தலையை திருப்பி பாக்கணும், அந்த கடைசி பார்வைக்கு லைஃப் சேவர்னு பேரே வெச்சிருக்காங்க. தம்பி கண்ணாடில பாத்திருப்பாரு, எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா தலை திரும்பலைன்னா பின்னாடி வர்ற ஆளுக்கு அது எப்படி தெரியும், கண்ணாடில தெரியாத மூலைல நிக்கிற கார் அவருக்குதான் எப்படி தெரியும். ரவுண்டானால வலது பக்கத்துலேருந்து வர்றவங்களுக்கு வழி விடாம மூக்கை நுழைச்சாருன்னா அதுவும் ஒரு காரணமா இருக்கும்.

அடுத்தது முன் பிரேக். முன் பிரேக் புடிச்சா தூக்கி அடிச்சிரும்னு நம்ம ஊர்ல வண்டி சொல்லிக் குடுக்குற மாமா சித்தப்பா எல்லாரும் சொல்லுவாங்க, அதனால முக்கால்வாசி பேர் வலது காலை மட்டும் நம்பி ஓட்டுவோம். உண்மை நேர் தலைகீழ், பிரேக் அடிச்ச உடனே வண்டியோட எடை முன் சக்கரத்துக்கு போயிடுது, பின் சக்கரம் லேசாகி சும்மா இழுபடும், நிறுத்துற வேலைல பெரும்பங்கு முன் பிரேக்தான் செய்யுது. காஞ்ச ரோட்டுல முன்னாடி முக்கால் பங்கு பின்னாடி கால் பங்கு, ஈர ரோட்டுல பாதிக்கு பாதின்னு இங்க சொல்லிக் குடுப்பாங்க, அதுவும் டப்புனு புடிக்காம படிப்படியா அழுத்தணும். சடன் பிரேக் போட சொன்னப்ப தம்பி பின் பிரேக்கை மிதிச்சு கோடு போட்டிருப்பாருன்னு பந்தயம் கட்டுறேன்.

இது நம்ம ஆளுங்களுக்கு மட்டும் உள்ள வியாதின்னு நினைக்காதீங்க. 1981ல அமெரிக்கால ஹாரி ஹர்ட்டுன்னு ஒரு ஆராய்ச்சியாளர் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடந்த 900 பைக் விபத்தை நேர்ல போய் பாத்து அறிக்கை குடுத்தாரு. விபத்துல சிக்கினவங்கள்ல 92 சதவீதம் பேர் தானா கத்துக்கிட்டவங்க, இல்ல வீட்டுல, ஃப்ரெண்டுகிட்ட கத்துக்கிட்டவங்க. ஆபத்து வந்ததும் பெரும்பாலும் பின் பிரேக்கை ஓவரா மிதிச்சிருக்காங்க, முன் பிரேக்கை போதுமான அளவு புடிக்கல. வருஷக்கணக்கா ஓட்டினவங்களும் அதுல உண்டு. ஆக்சிடென்ட் இல்லாம 12 வருஷம் ஓட்டினாருன்னா, அந்த 12 வருஷத்துல எத்தனை தடவை நிஜமாவே உயிர் பயத்துல பிரேக் அடிச்சிருப்பாரு, அப்ப கால் செஞ்சது சரியான்னு பக்கத்துல நின்னு சொல்ல யார் இருந்தா?

அடுத்த தடவை போறப்ப சிக்னல் தூரத்துல தெரிஞ்சதுமே நியூட்ரல் போட்டு உருட்டுற வேலையும் வேணாம்னு சொல்லுங்க. பெட்ரோல் மிச்சம் பண்ற பழக்கம்னு நமக்கு தெரியும், இன்ஸ்ட்ரக்டருக்கு தெரியாது, வண்டி கன்ட்ரோல்ல இல்லன்னுதான் எழுதுவாரு. அவரு சொல்றதுலயும் தப்பு இல்ல.

கேள்வி: அண்ணா, நான் நாலு வருசமா ஈஸ்ட் ஹாம் பக்கம் ஸ்கூட்டர்ல சாப்பாட்டு டெலிவரி செய்யிறன். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா அதே சிபிடிய திரும்பவும் காசு கட்டி எடுக்க வேண்டிக் கிடக்கு. நாள் முழுக்க ரோட்டிலதான் நிக்கிறன், எனக்கு என்னத்துக்கு பழகுறவைக்கான வகுப்பு? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

பதில்: தம்பி, உங்க கோவம் நியாயம்தான், ஆனா அதை சட்டத்து மேல பாதியும் உங்க மேல பாதியும் காட்டணும். சிபிடி சர்டிபிகேட் லைசன்ஸ் இல்ல, ரெண்டு வருஷம் பழகிக்கிறதுக்கு குடுக்குற அனுமதி, அதுக்குள்ள முழு டெஸ்ட் எழுதிடுவாங்கன்னு நினைச்சு வெச்ச கணக்கு. நடக்குறது வேற, டெலிவரி ஆளுங்க நிறைய பேர் ரெண்டு வருஷம் ரெண்டு வருஷமா அதையே புதுப்பிச்சு ஓட்டிக்கிட்டு இருக்காங்க. என்னை கேட்டா சட்டத்துலதான் ஓட்டை, தினம் ரோட்டுல பொழைக்கிற ஆளை ஒரே நாள் பாடத்தோட வருஷக்கணக்கா விட்டு வெக்கிறது கொஞ்சம்கூட சரியில்ல, ஆரம்பப் பாடத்தை திரும்ப திரும்ப கேக்குறதுக்கு பதிலா மேல் பாடம் ஒண்ணு வெச்சா உங்களுக்கும் புண்ணியம்.

இப்போதைக்கு வழி ஒண்ணுதான், முழு டெஸ்ட். தியரில 50 கேள்விக்கு 43 சரியா வரணும், ஹசார்டு பர்செப்ஷன்னு வீடியோ பாத்து கிளிக் பண்றதுல 75க்கு 44. அப்புறம் ஓட்டிக் காட்டுற டெஸ்ட் ரெண்டு பகுதி, மாடுல் ஒண்ணு மைதானத்துக்குள்ள, அதுல மணிக்கு 50 கிமீக்கு குறையாம வந்து சடன் பிரேக்கும், குறுக்க தடை வந்தா ஒதுங்கி ஓட்டுறதும் காட்டணும், அப்புறம் மாடுல் ரெண்டு, ரோட்டுல. முடிச்சுட்டா எல் போர்டை கழட்டி எறியலாம், சிபிடிக்கு காசு கட்டுற வேலையே இல்ல. அது வரைக்கும் சர்டிபிகேட் தேதி முடிஞ்சப்புறம் ஒரு நாள்கூட ஓட்டாதீங்க, 1,000 பவுண்டு வரைக்கும் ஃபைன், லைசன்ஸ்ல 6 பெனால்டி பாயிண்ட் வரைக்கும் ஏறும், இன்ஷூரன்ஸும் கைவிரிச்சிடும். தேதியை ஃபோன்ல போட்டு வைங்க.

கேள்வி: ஃப்ளோரிடால இருக்குற என் மச்சான், அமெரிக்கால இந்த தொல்லை எல்லாம் கிடையாதுன்னு பீத்திக்கிறாரு. நிஜமா? (ஸ்லவ் வாசகர்)

பதில்: மச்சான் இன்னும் பைக் லைசன்ஸ் எடுக்கலன்னு அர்த்தம். அங்க மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், ஆனா அவரு இருக்குற ஃப்ளோரிடாலயே 2008 ஜூலைலேருந்து புதுசா பைக் அனுமதி வாங்குற எல்லாரும், எந்த வயசா இருந்தாலும், அடிப்படை கோர்ஸ் முடிச்சே ஆகணும். இதை அவருக்கு அனுப்பி வெச்சுட்டு ஃபோனை ஆஃப் பண்ணிடுங்க.

கேள்வி: சிபிடிக்கு சென்னைலேருந்து கொண்டு வந்த ஹெல்மெட் போட்டுக்கலாமா? புதுசு, நல்ல ஹெல்மெட். (வெம்ப்ளி வாசகர்)

பதில்: உள்ள இருக்குற ஸ்டிக்கரையும் ஸ்ட்ராப்புல தைச்சிருக்குற லேபிளையும் பாருங்க. ஈசிஇ 22.05, இல்ல 22.06னு ஹெல்மெட் பாதுகாப்பு முத்திரை இருந்தா போட்டுக்கலாம், இப்ப நம்ம ஊர் கம்பெனிங்க சிலது அந்த முத்திரையோடயும் விக்குறாங்க. வெறும் ஐஎஸ்ஐ முத்திரை மட்டும்னா இந்த ரோட்டுல செல்லாது. புக் பண்றப்பவே ட்ரெயினிங் ஸ்கூல்ல கேளுங்க, நிறைய ஸ்கூல்ல ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ் அன்னைக்கு மட்டும் அவங்களே குடுப்பாங்க. ஷூ மட்டும் உங்களோடது, கணுக்கால் மூடுற மாதிரி கனமா ஒண்ணு போட்டுட்டு போங்க, செருப்போட போய் நின்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.