தோட்டத்துப் பால்மரத்தில் படிப்பு மேசை: கைக்கருவிகள் போதுமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில், பழைய தோட்ட லயங்களை அடுத்த தாமானில் குடியிருக்கிறேன். தோட்டத்து ஆசாரியாக இருந்த என் அப்பா விட்டுச் சென்ற பெட்டியில் ஒரு மர இழைப்புளி, மூன்று உளிகள், ஒரு கைரம்பம், ஒரு கொட்டாப்புளி, ஒரு மூலைமட்டம் ஆகியவை துருவேறிக் கிடக்கின்றன. மறுநடவுக்குச் சாய்த்த பால்மரங்களிலிருந்து (ரப்பர் மரங்கள்) அறுத்த பலகைகளை இரண்டு ஆண்டுகளாகப் பின்கட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். படிவம் நான்கில் படிக்கும் மகளுக்கு நான்கடிக்கு இரண்டடி அளவில் ஒரு மேசையை, மின்கருவி இல்லாமல், இவற்றைக் கொண்டே செய்ய முடியுமா? மேல்பலகையைத் திருகாணியால் இறுக்கிவிட்டால் வளையாது என்கிறார் அண்டை வீட்டுக்காரர். இழுப்பறையும் வைக்கலாமா?

பதில்: கருவிகள் ஏறக்குறையப் போதும். ஒரு கைத்துளைப்பான், இணைகோடு கீறுவதற்கான முள்கட்டை, நான்கு நீளமான இறுக்கிகள் ஆகியவற்றை மட்டும் இரவலாகவோ விலைக்கோ வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஐயம் கருவிகளின் மீதன்று, பின்கட்டில் இருக்கும் பலகைகளின் மீதுதான்.

பால் வெட்டி முடிந்து, இருபத்தைந்து முப்பது ஆண்டு வயதில் சாய்க்கப்படும் பால்மரம் நல்ல மரமே. காய்ந்த நிலையில் கனமீட்டருக்குச் சுமார் 560 முதல் 640 கிலோ வரை எடையுள்ள, உளிக்கு இணங்கும், நிறம் வெளிர்ந்த மரம் அது. ஆனால் அதில் வைரம் (உறுதியான உள்மரம்) வேறு, வெளிறு (மென்மையான வெளிமரம்) வேறு என்று பிரித்துக் காண முடியாது. மரம் முழுவதும் மாவுச்சத்து நிறைந்திருப்பதால், அறுத்த சில நாள்களுக்குள்ளேயே நீலப் பூஞ்சணம் பிடிக்கிறது, தொடர்ந்து மரத்தைத் துளைத்து மாவாக்கும் வண்டுகள் முட்டையிடுகின்றன. ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் கொட்டகைகளுக்கு நெடுங்காலம் இதை வெறும் விறகாக எரித்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். (நாட்டின் மிகப் பழைய பால்மரங்களுள் ஒன்று, 1877-இல் நட்டதாகச் சொல்லப்படுவது, உங்களுக்கு அருகிலுள்ள கோலகங்சாரில்தான் நிற்கிறது, அவ்வளவு பழைய பயிரின் மரத்தைத் தட்டுமுட்டுச் சாமான்களாக்கும் தொழில் பிற்காலத்தில்தான் வளர்ந்தது.) அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகே மூவார் போன்ற ஊர்களின் தொழிற்சாலைகளுக்கு இம்மரம் போகத் தொடங்கியது. உங்கள் பலகைகளுக்கு அந்த மருந்து ஏற்றப்படவில்லை என்றே கேள்வியிலிருந்து ஊகிக்கிறேன்.

ஆகவே முதல் வேலை சோதனை. ஒவ்வொரு பலகையையும் பழைய செய்தித்தாளின் மேல் செங்குத்தாக நிறுத்தி, கொட்டாப்புளியால் பத்து முறை தட்டுங்கள். கோதுமை மாவைப் போன்ற மெல்லிய தூள் உதிர்ந்தாலோ, குண்டூசித் தலையளவு வட்டத் துளைகள் தென்பட்டாலோ, அந்தப் பலகையை வீட்டுக்குள் கொண்டுவராமல் அடுப்புக்கு அனுப்பிவிடுங்கள். நீலக்கறை மட்டும் இருந்தால் அழகுதான் கெடும், வலிமைக்குப் பெரிதாகக் குறைவில்லை. துளையில்லாத பலகைகளும் முழு நம்பிக்கைக்கு உரியவை அல்ல, ஏனென்றால் புழு உள்ளே இருந்து பல மாதங்கள் கழித்தும் வெளிவரக்கூடும். மேலே பூசும் மருந்து மேல்தோலில்தான் நிற்கும், இழைப்புளி அதைச் சீவித் தள்ளிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். என் யோசனை இதுதான்: மேல்பலகைக்கும் கால்களுக்கும் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்திய பால்மரத்தையோ மெரந்தியையோ நியாத்தோவையோ பலகைக் கடையில் வாங்குங்கள்; உங்கள் பலகைகளில் பழுதில்லாதவற்றை உளிவேலைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைவு என்று குருயிங் மரத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அதன் பிசின் வெயில் நாளில் கசிந்து மகளின் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டும்.

வாங்கிய பலகையையும் உடனே அறுக்கக் கூடாது. குளிர்சாதனம் இல்லாத நம் வீடுகளில் மரத்தின் ஈரப்பதம் சுமார் 15 விழுக்காட்டில் வந்து நிற்கும், குளிர்சாதன அறையில் அதைவிடக் குறையும். மேசை எந்த அறையில் நிற்கப் போகிறதோ அந்த அறையிலேயே, இடையிடையே ஒரு விரல் கன மரக்குச்சிகளை வைத்து அடுக்கி, ஒரு பலகையை வாரம் ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை மாறுவது நின்றுவிட்டால் மரம் அறைக்குப் பழகிவிட்டது என்று பொருள்.

அந்தக் காத்திருப்பு நாள்களில் உளிகளையும் இழைப்புளியின் இரும்பையும் தீட்டிவிடலாம். பட்டையான பின்முகத்தை, முனையிலிருந்து அரை அங்குலமாவது கண்ணாடி போல் தட்டையாகும்வரை முதலில் தேயுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். சரிவுப் பக்கத்தை 25 பாகைக்குச் சாணைக்கல்லில் எடுத்து, முனையில் மட்டும் 30 பாகைக்குத் தீட்டி, ஓரத்தில் திரும்பிய பிசிறை நுண்ணிய கல்லில் போக்குங்கள். மென்மரத் துண்டின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவும்போது நொறுங்காமல் ஒரே சுருளாக வந்தால் கூர் போதும். மெரந்தியின் நார் ஓட்டம் பட்டைக்குப் பட்டை மாறிச் செல்வதால், ஒரு திசையில் வழுவழுப்பாக இழையும் பலகை அடுத்த விரற்கடையிலேயே சிலாம்பெடுக்கும். அப்பாவின் இழைப்புளியில் இரட்டை இரும்பு இருந்தால், மேலிரும்பின் விளிம்பை வெட்டும் முனைக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக நெருக்கி வையுங்கள், சிலாம்பு பெருமளவு அடங்கும். வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் தையல் இயந்திர எண்ணெயை ஒரு துணியால் தடவி வைப்பது நம் ஈரக்காற்றில் கட்டாயம்.

இனி மேசைக்கு வருவோம். தரையிலிருந்து 29 அங்குல உயரம், ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த மேல்பலகை, அதன் அடியில் கால்களை இணைக்கும் நான்கங்குல உயரச் சட்டங்கள் என்று கணக்கிட்டால், சட்டத்துக்குக் கீழே தொடை நுழைய ஏறக்குறைய 24 அங்குலம் கிடைக்கும். கால்கள் இரண்டங்குலச் சதுரமாக இருக்கட்டும். மேசை ஆடுவதும் ஆடாததும் சட்டமும் காலும் சேரும் எட்டு இணைப்புகளில்தான் இருக்கிறது, ஆணியடித்து அந்த உறுதியைப் பெற முடியாது. ஆகவே கால்களில் துளையும், சட்ட முனைகளில் அத்துளைக்குள் நுழையும் நாக்காகிய கழுந்தும் எடுங்கள்.

துளையை முதலில் வெட்டுங்கள், கழுந்தைப் பிறகு அதற்கேற்பச் செதுக்குங்கள். ஏனென்றால் துளையின் அகலத்தை உளி தீர்மானிக்கிறது, கழுந்தின் கனத்தை நீங்கள் தீர்மானிக்கலாம். சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது கால் அங்குலம் முதல் எட்டு மில்லிமீட்டர் வரை அகலமுள்ள உளி பொருந்தும். காலின் தலையில் முக்கால் அங்குலம் கூடுதல் மரத்தை விட்டே அறுத்து வையுங்கள், துளை அடிக்கும்போது தலை பிளக்காமல் அது காக்கும், ஒட்டிய பின் அறுத்து எறியலாம். உளியை நாருக்குக் குறுக்கே நிறுத்தி, துளையின் நடுவில் தொடங்கி, சிறு சிறு அடியாக இரு முனைகளுக்கும் நகர்ந்து, ஒன்றேகால் அங்குல ஆழம்வரை செல்லுங்கள். முனைக் கோட்டின் மேல் உளியை வைப்பது கடைசி அடியில்தான். ஒரே காலில் இரு சட்டங்களின் கழுந்துகள் உள்ளே சந்திக்கும் என்பதால் அவற்றின் முனைகளைச் சாய்வாக வெட்டிவிடுங்கள். கழுந்து கைவிரல் அழுத்தத்தில் பாதிவரை போய், மீதிக்குக் கொட்டாப்புளியின் மெல்லிய தட்டு கேட்க வேண்டும்.

நம் ஆசாரிகள் இதற்கு மேல் ஒரு மூங்கில் ஆணியும் அடிப்பார்கள், நீங்களும் அடியுங்கள். காலில் ஆணித்துளையைக் குடைந்து, கழுந்தை உள்ளே நுழைத்து இடத்தைக் குறித்துக்கொண்டு வெளியே எடுத்து, கழுந்தின் துளையை மட்டும் குறியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் சட்டத்தின் தோள்பக்கமாக (கழுந்து தொடங்கும் படியின் பக்கமாக) தள்ளிக் குடையுங்கள். முனை கூராக்கிய ஆணி இரு துளைகளையும் நேராக்க முயலும்போது தோளைக் காலோடு இழுத்துப் பிடிக்கும். பசை என்றோ ஒருநாள் கைவிட்டாலும் இணைப்பு கழலாது.

மேல்பலகைக்கு ஆறங்குலப் பலகைகள் நான்கைப் பக்கம் பக்கமாக ஒட்ட வேண்டும். ஒட்டப் போகும் இரண்டை முகத்தோடு முகம் மடித்து வைத்து, இரு விளிம்புகளையும் ஒன்றாக இழையுங்கள். இழைப்புளி சற்றுச் சாய்ந்தாலும் விரித்து வைக்கும்போது ஒன்றின் சாய்வை மற்றது ஈடுகட்டிவிடும். விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரியலாம், முனைகளில் தெரியக் கூடாது.

அண்டை வீட்டுக்காரர் சொன்ன இறுக்கும் முறை இந்த இடத்தில்தான் ஆபத்து. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, அகலவாக்கில் மாறிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்துக்கும் வறண்ட நாள்களுக்கும் இடையில் இரண்டடி அகலப் பலகை இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வரை விரிந்து சுருங்கலாம். நாற்புறமும் இறுக்கினால் ஒட்டு பிளக்கும், அல்லது பலகை நடுவில் வெடிக்கும். அதற்குப் பதிலாக, சட்டங்களின் உட்புறத்தில் சிறு பள்ளங்களை வெட்டி, அவற்றில் நாக்கு நீட்டிய கைவிரல் நீளக் கட்டைகளை நுழைத்து, கட்டையை மட்டும் மேல்பலகையோடு திருகாணியால் பிணையுங்கள். பக்கச் சட்டங்களில் பள்ளத்தை நாக்கின் அகலத்தைவிட நீளமாக வெட்டுங்கள். முன், பின் சட்டங்களில் கட்டைக்கும் சட்டத்துக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பலகை கீழ்நோக்கிப் பிடிபட்டிருக்கும், பக்கவாட்டில் நகரும்.

மெருகு எதுவாயினும் மேல்பலகையின் அடிப்பக்கத்துக்கும் மேற்பக்கத்துக்குச் சமமாகப் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஈரம் ஒருபக்கமாக ஏறி இறங்கி, பலகை கிண்ணம் கட்டும். அரக்கு மெருகு அழகானது, ஆனால் சூடான தே தாரிக் குவளை வைத்தால் வெள்ளை வளையம் விழும். படிப்பு மேசைக்குப் பாலியூரித்தேன் வார்னிஷை மெல்லிய மூன்று பூச்சாகத் துணியால் தேய்ப்பதே பொருத்தம், பூச்சுகளுக்கு இடையில் 320 எண் உப்புத்தாள் போதும்.

இழுப்பறையை இம்முறை விட்டுவிடுங்கள். அது வைக்க முன்சட்டத்தைப் பெருமளவு வெட்ட வேண்டும், தொடைக்குக் கிடைக்கும் இடமும் குறையும். முன்பின் உளி பிடிக்காதவருக்கு இழுப்பறையின் மூலை இணைப்புகள் மேசை முழுவதையும்விடக் கடினம். அளவுகோல், பென்சில் வைக்க ஒரு தட்டு வேண்டுமானால், மிஞ்சிய பலகையில் தனியாகச் செய்து சட்டத்தின் உட்புறம் திருகிவிடலாம்.