ஐந்து நிமிடப் பனைமரம்

கேள்வி: விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருடம் படிக்கிறேன். புராஜெக்டுக்காக நான்கு பேர் சேர்ந்து 2டி அனிமேஷன் குறும்படம் செய்கிறோம். பனையேறித் தாத்தாவும் சென்னையில் வளர்ந்த பேரனும்தான் கதை. தாத்தாவின் இளமைக்காலம், ஊரைவிட்டுப் போன மகன், மரங்களை வெட்டுவது எல்லாம் வருகிறது. ஐந்து நிமிடம் ஓடும். கேரக்டர் டிசைனிலேயே ஒரு மாதம் போய்விட்டது. மூன்று மாதம்தான் மிச்சம். எந்த சாஃப்ட்வேரில் செய்தால் சீக்கிரம் முடியும்?
- ஒரு மாணவி, தூத்துக்குடி

பதில்: ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் இரண்டுமே இலவசம். ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸ் என்ற சாஃப்ட்வேர்தான் 2016-ல் ஓப்பன்டூன்ஸாக இலவசமாக வெளிவந்தது. ஆனால் உங்கள் நால்வருக்கும் ஏற்கெனவே கைப்பழக்கமான சாஃப்ட்வேர் எதுவோ, அதிலேயே செய்யுங்கள். உங்கள் சிக்கல் அதில் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 சட்டகம், ஓடும். வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் விநாடிக்கு 12 படம். ஐந்து நிமிடத்துக்கு 3,600. ஆடாமல் நிற்கிற ஷாட்டுகளைக் கழித்துப் பாதி என்றே வைத்தாலும் 1,800. ஒவ்வொன்றையும் ரஃப் (முதல் கிறுக்கல்), கிளீன்-அப் (கோட்டைச் சுத்தமாக வரைவது), கலர் என்று மூன்று தடவை தொட வேண்டும். பேக்ரவுண்ட் தனி. நடுவில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், இன்னொருவருக்கு அரியர் பரீட்சை வரும்.

அதனால் இளமைக்காலம், மகன், மரம் வெட்டுவது மூன்றையும் தூக்கிவிடுங்கள். தாத்தா மரம் ஏறுகிறார், பேரன் கீழே நிற்கிறான். ஒன்றரை நிமிடம் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டுங்கள், வேறு வழியில்லை.

ஒரு வசதியும் இருக்கிறது: பனை ஏறுவது திரும்பத் திரும்ப வரும் அசைவு. உங்கள் ஊர்ப்பக்கம் பனையேறி யாராவது இருந்தால் அவரிடம் கேட்டுக்கொண்டு செல்போனில் எடுங்கள். பக்கவாட்டில், போன் ஆடாமல். பிறகு ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பாருங்கள். கைகள் மேலே போய் மரத்தைக் கட்டிக்கொள்ளும், நெஞ்சு ஒட்டும், அப்புறம்தான் கால்கள் இரண்டும் சேர்ந்து மேலே வரும். காலில் மாட்டியிருக்கும் தளைநார் மரத்தைப் பிடிக்கிற அந்த இடத்தில் உடம்பு ஒரு கணம் நிற்கும். அங்கே நாலைந்து ஃபிரேம் கூடுதலாக நிறுத்துங்கள். அதை விட்டால் தாத்தாவுக்குக் கனமே இருக்காது, லிஃப்டில் போவது போல வழுக்கிக்கொண்டு போவார். இந்த ஒரு சுற்றுக்கு இருபது படம் நன்றாக வந்துவிட்டால், மரத்தைக் கீழே நகர்த்தி நகர்த்தி அரை நிமிடம் ஓட்டலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தத்தை மட்டும் கொஞ்சம் நீட்டினால் வயதும் தெரிந்துவிடும்.

வசனம் இருந்தால் குரலை முதலில் பதிவு செய்யுங்கள். இது நான் பட்ட பாடு. மாணவனாக இருந்தபோது குடை ரிப்பேர்காரர் ஒருவரைப் பற்றிப் படம் செய்தேன். எல்லாம் வரைந்து முடித்து, கடைசி இரண்டு ராத்திரியில் நண்பனின் அப்பாவை உட்காரவைத்துப் பேச வைத்தேன். மனுஷர் அவ்வளவு நிதானம். உதடு ஆடி முடிந்து இரண்டு விநாடி கழித்துத்தான் வசனம் முடிந்தது. விடிய விடிய உட்கார்ந்து, வாயை மூடுகிற அளவுக்கு ஒரு மீசை வரைந்து ஒட்டினேன். பார்க்க வந்த தேர்வாளர் அந்த மீசையைத்தான் பாராட்டினார்!

அடுத்து, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அனிமேட்டிக்கை முடித்துவிடுங்கள். அதாவது ஸ்டோரிபோர்டுப் படங்களை (ஷாட் ஷாட்டாகக் கதையை வரைந்த படங்கள்), குச்சிமனிதனாக இருந்தாலும் பரவாயில்லை, குரலோடும் நேரக்கணக்கோடும் அடுக்கி ஓட்டுங்கள். கதை தெரியாத ஒருவரிடம், வீட்டில் ஆச்சி இருந்தால் ஆச்சியிடம், எதுவும் விளக்காமல் போட்டுக் காட்டுங்கள். பாதியில் அவர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனால் எந்த ஷாட்டில் எழுந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஷாட்டை யாரும் வரைய வேண்டாம்.