பழைய காமிக்ஸ் நாயகனை அடையாளமே தெரியாதபடி மாற்றி எழுதும் எழுத்தாளர்களை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?

இந்த விவாதம் எங்கே எழுந்தாலும் பேட்மேனில் தொடங்கி பேட்மேனிலேயே முடிந்துவிடுகிறது. நான் அதைவிடக் குறைவாகப் பேசப்படும் மார்வெல்மேன் என்னும் பிரிட்டிஷ் நாயகனை எடுத்துக்கொள்கிறேன். 1982 இல் எழுத்தாளர் ஆலன் மூர் அவனைத் தூசி தட்டி எழுப்பிய விதத்தைப் பற்றி எனக்கும், என்னைவிடப் பத்து வயது மூத்த காமிக்ஸ் நண்பர் ஒருவருக்கும் பல ஆண்டுகளாக ஓயாத வழக்கு நடந்துவருகிறது. நான் மூரின் பக்கம் நிற்பவன். ஆனாலும் அண்ணன் வைக்கும் வாதங்களில் ஒன்றே ஒன்று என்னை இன்றுவரை உறுத்துகிறது.

முதலில், எதை மாற்றினார்கள் என்று தெரிந்தால்தான் மாற்றியது சரியா என்று பேச முடியும். அமெரிக்காவின் ஃபாசெட் நிறுவனத்தின் கேப்டன் மார்வெல், சூப்பர்மேனின் நகல் என்று தொடரப்பட்ட நீண்ட வழக்கின் முடிவில் 1953 இல் நிறுத்தப்பட்டான். அவனுடைய கதைகளைப் பிரிட்டனில் மறுபதிப்புச் செய்து பிழைத்துவந்த எல். மில்லர் நிறுவனத்துக்கு அடுத்த இதழில் போடக் கதையில்லாமல் போயிற்று. உடனே மிக் ஆங்லோ என்பவரை அழைத்து மாற்று நாயகன் ஒருவனை உருவாக்கித் தரச் சொன்னார்கள். மந்திரச் சொல்லைச் சொன்னதும் கேப்டன் மார்வெலாக மாறும் பில்லி பேட்சன் என்ற சிறுவன், இங்கே மார்வெல்மேனாக மாறும் மிக்கி மொரான் ஆனான். 'ஷாஸாம்' என்ற மந்திரச் சொல், அட்டாமிக் என்ற ஆங்கிலச் சொல்லைத் திருப்பிப் போட்டாற்போல் 'கிமோட்டா' ஆயிற்று. 1954 பிப்ரவரியில் வந்த முதல் மார்வெல்மேன் இதழுக்கு, பழைய இதழின் வரிசையைத் தொடர்ந்து 25 என்றே எண் கொடுத்தார்கள் என்றால், அவசரம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்க இதழ்களே நேரடியாகப் பிரிட்டனுக்கு இறக்குமதியாகத் தொடங்கியபின் விற்பனை சரிந்து, 1963 இல் அவன் ஓய்ந்தான். ஆக, 'மூலத்தைச் சிதைத்துவிட்டார்' என்று மூர் மீது குற்றம் சாட்டுகிறவர்கள் காக்க முற்படும் அந்த மூலம், கடையில் சரக்குத் தீர்ந்த நாளில் அவசரமாகச் செய்த நகலின் நகல்.

வாரியர் என்ற மாத இதழில் மூர் எழுதி, முதலில் கேரி லீச்சும் பிறகு ஆலன் டேவிஸும் வரைந்த தொடரில், மிக்கி மொரான் நடுத்தர வயதில், தலைவலியோடும் பறப்பது போன்ற கெட்ட கனவுகளோடும் வாழும் மைக் மொரான் என்ற சில்லறைப் பத்திரிகையாளனாக வருகிறான். அணுமின் நிலையம் ஒன்றில் ஆயுதக் கும்பலிடம் சிக்கியிருக்கும்போது, கண்ணாடிக் கதவில் எழுதியிருந்த சொல்லை மறுபக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்து, மறந்துபோன மந்திரத்தைத் தன்னையறியாமல் உச்சரிக்கிறான். அன்றிரவு வீடு திரும்பி, சிறுவயது சாகசங்களை அவன் ஆர்வத்தோடு விவரிக்கும்போது, அவற்றின் அபத்தத்தைத் தாங்க முடியாமல் மனைவி லிஸ் சிரித்துவிடுகிறாள். ரசிகர்கள் சண்டையிடும் கேள்வி முழுவதும் எனக்கு அந்த ஒரு சிரிப்புக்குள்ளேயே அடங்கியிருப்பதாகத் தோன்றும். சிரிப்பவள் அவனை நேசிப்பவள். அவன் சொல்வது அவனளவில் உண்மை. ஆனால் அது வளர்ந்தவர்களின் சமையலறையில் வைத்துச் சொல்லத்தக்க கதையாக இல்லை.

பிறகுதான் உண்மை வெளியாகிறது. அந்தச் சாகசங்கள் எதுவும் நடக்கவில்லை. அரசின் இரகசியத் திட்டமொன்றில் கார்குன்சா என்ற விஞ்ஞானி, உறக்கத்தில் கிடத்திவைத்த சோதனைப் பிள்ளைகளின் மூளையில் ஊட்டிய கனவுகள் அவை. பழைய கதைகளையெல்லாம் இப்படிக் 'கனவு' என்று தள்ளிவிடுவது கையாலாகாத எழுத்தாளனின் குறுக்குவழி என்பது அண்ணனின் புகார்களில் ஒன்று. நான் ஒப்புவதில்லை. மூர் எதையும் தள்ளவில்லை என்பதே என் பதில். அந்தக் கனவுகளுக்கான அச்சைக் கார்குன்சா எங்கிருந்து எடுத்தான் என்று பாருங்கள்: தற்செயலாகக் கையில் கிடைத்த ஒரு சிறுவர் காமிக்ஸ் இதழிலிருந்து! மிக் ஆங்லோ கேப்டன் மார்வெலைப் பார்த்துப் படியெடுத்த வரலாறே இங்கே கதைக்குள் ஒரு குற்றமாகப் புகுந்துகொள்கிறது. பழைய இதழ்களை ஒதுக்கிவைத்த ஒருவருக்கு இது தோன்றாது. சிறுவயதில் அவற்றை ஊன்றிப் படித்தவருக்குத்தான் தோன்றும்.

வன்முறையைப் பற்றிய புகார் இதைவிடப் பெரியது. மார்வெல் நிறுவனத்தின் ஆட்சேபத்தால் அமெரிக்காவில் மிரக்கிள்மேன் என்று பெயர் மாறி, எக்லிப்ஸ் வெளியீடாக வந்த தொடரின் 9 ஆம் இதழில் பிரசவம் ஒன்று ஒளிவுமறைவின்றி வரையப்பட்டிருந்தது. அதற்கு எழுந்த கூச்சலை இன்று படித்தால் வியப்பாக இருக்கிறது. பிள்ளை பிறப்பதைக் காட்டியதற்கு வந்த அளவு கோபம், பக்கம் பக்கமாக மனிதர்கள் சாவதைக் காட்டும் எத்தனையோ இதழ்களுக்கு வந்ததில்லை. ஆனால் 15 ஆம் இதழ் வேறு வகை. நாயகனின் பழைய இளந்துணைவன் ஜானி பேட்ஸ் லண்டன் மாநகரையே கொலைக்களமாக்கும் காட்சிகளை ஜான் டோட்டில்பென் வரைந்திருக்கும் விதத்தை என்னால் இரண்டாம் முறை முழுமையாகப் பார்க்க முடியவில்லை. அந்த அசுரனுக்குள் பதின்மூன்று வயதில் உறைந்துபோன, ஒரு பாவமும் அறியாத சிறுவன் ஒருவன் இருக்கிறான் என்பதும், இறுதியில் நாயகன் கொல்வது அந்தச் சிறுவனைத்தான் என்பதும் தெரியும்போது, அங்கே கொடூரம் அலங்காரமாக வைக்கப்படவில்லை என்று புரிகிறது. மூருக்குப் பின் வந்த பலர் இரத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சிறுவனை விட்டுவிட்டார்கள்.

இப்போது என்னை உறுத்தும் வாதத்துக்கு வருகிறேன். முத்து காமிக்ஸ் 1972 இல் தன் முதல் இதழாக வெளியிட்ட இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர் அண்ணன். குழந்தைகளுக்கென்று பிறந்த ஒருவனைக் குழந்தைகள் தொடவே கூடாதவனாக மாற்றுவது, பெரியவர்கள் தங்கள் ஏக்கத்துக்காகப் பிள்ளைகளின் பெட்டியிலிருந்து பொம்மையைத் திருடுவதற்குச் சமம் என்கிறார் அவர். மாயாவியே தன் முதல் கதையில் வெறிகொண்டு குற்றங்கள் செய்தவன்தானே, அவனைப் பிறகு நல்லவனாக மாற்றியதை மட்டும் ஏன் யாரும் சிதைவு என்று சொல்லவில்லை என்று நான் மடக்கிப் பார்த்தேன். அவன் கெட்டவனாக இருந்தபோதும் பத்து வயதில் நான் அவனைப் படிக்க முடிந்தது, உன் மிரக்கிள்மேனைப் படித்திருக்க முடியுமா என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நெடுநாள் யோசித்தபின் நான் வந்துசேர்ந்த இடம் இது. 1982 இல் மார்வெல்மேனுக்காகக் காத்திருந்த சிறுவன் ஒருவனும் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே அவன் கடைகளிலிருந்து மறைந்துவிட்டான், அவனை நினைவில் வைத்திருந்தவர்கள் எல்லோரும் மைக் மொரானைப் போலவே வளர்ந்து, தலைவலியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எந்தப் பிள்ளையின் கையிலிருந்தும் மூர் எதையும் பிடுங்கவில்லை. ஆனால் இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நான் நேர்மையாக நடந்தால், இன்றும் பிள்ளைகளின் சட்டையிலும் தண்ணீர்ப் புட்டியிலும் வாழும் பேட்மேனின் முதன்மைத் தொடர்களை அவர்கள் படிக்க முடியாதபடி எழுதுவதை ஆதரிக்க முடியாது. அங்கே நான் அண்ணனின் பக்கம் போய்விடுகிறேன். அதில் எனக்குச் சற்று வருத்தமும் உண்டு, ஏனென்றால் அந்த இருண்ட கதைகளில் சில என் அலமாரியின் முதல் வரிசையில் இருக்கின்றன.

நாயகனுக்கு யார் விசுவாசமாக இருந்தார்கள் என்று இவ்வளவு பேசும் ரசிகர்கள், அவனைப் படைத்தவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உரிமை யாருக்கு என்ற குழப்பம் பல ஆண்டுகள் நீடித்து, 2009 இல்தான் மார்வெல் நிறுவனம் மிக் ஆங்லோவிடமிருந்து உரிமையை வாங்கியதாக அறிவித்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் காலமானார். 2014 இல் மறுபதிப்புத் தொடங்கியபோது, மூர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், 'மூல எழுத்தாளர்' என்று மட்டுமே அச்சிட்டார்கள்.

அந்த 2014 மறுபதிப்பின் முதல் இதழைத்தான் நான் வாங்கினேன். அதன் பின்பக்கங்களில் ஆங்லோ காலத்துப் பழைய கறுப்பு-வெள்ளைக் கதைகளையும் சேர்த்திருக்கிறார்கள். மூரின் மறுபிறப்பு இல்லையென்றால் அவற்றை யாரும் மறுபடி அச்சிட்டிருக்க மாட்டார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் அக்காள் மகனுக்கு அவற்றைத் தமிழில் சொல்லிக்காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தான். இதைப் பெரிய வெற்றியாக அண்ணனிடம் போய்ச் சொன்னபோது, அப்படியானால் புத்தகத்தைப் பையனின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாயா என்று கேட்டார். இல்லை, முன்பக்கங்களை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் காட்டினேன்.