கிளிப் போடும் முன் பல்லில் ஆசிட் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பல்லுக்குக் கிளிப் போட இரண்டு இடங்களில் விசாரித்தோம். ஓரிடத்தில் மொத்தக் கட்டணம் போக, 'எனாமல் தயாரிப்பு' என்று 3,000 ரூபாய் தனியாக எழுதித் தந்திருக்கிறார்கள். பல்லில் ஆசிட் வைப்பார்களாம். இன்னோர் இடத்தில், "ஆசிட்டே வேண்டாம், உயர்ந்த மருந்து இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாகும்" என்கிறார்கள். ஆசிட் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து மாமியார் கிளிப்பே வேண்டாம் என்கிறார். எதை ஏற்பது?
- வாசகி, தருமபுரி

பதில்: முதலில் மாமியாரின் பயத்தைப் போக்கிவிடலாம். வைப்பது பாஸ்பாரிக் அமிலம், பெரும்பாலும் 37 சதவீதம், வழிந்தோடாத ஜெல் வடிவில். 15 முதல் 30 விநாடி வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவார்கள். காற்றடித்து உலர்த்தியதும் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். பல்லின் கடினமான மேலுறைதான் எனாமல்; வழுவழுப்பான அதில் பசை நிற்காது. அமிலம் அரித்த நுண்ணிய குழிகளுக்குள் பசை இறங்கி, நீல ஒளி பட்டு இறுகினால்தான் கிளிப் நிற்கும். அரிபடும் ஆழம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது.

சுவரில் பெயின்ட் அடிக்கும் முன் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில்லையா? இந்த யோசனை பிறந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். பெயின்ட் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் உலோகத்தின் மேல் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதைக் கவனித்த அமெரிக்கப் பல் மருத்துவர் புவனோகோர், அதையே பல்லில் செய்து பார்த்து 1955இல் எழுதினார். அதற்கு முன் கிளிப் என்றால் பல்லுக்குப் பல் உலோக வளையம் மாட்ட வேண்டும்.

கிளிப்பைக் கழற்றிய பின் சில பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். பழி ஆசிட்டின் மேல் விழும். உண்மையான காரணம் கிளிப்பைச் சுற்றி மாதக்கணக்கில் தேய்க்காமல் விட்ட அழுக்கு.

இனி அந்த 'ஆசிட் இல்லாத' மருந்து. அதிலும் அமிலம்தான் இருக்கிறது. அரிக்கும் அமிலத்தையும் பசைக்கு முன் பூசும் திரவத்தையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். தனியாகக் கழுவும் வேலை மிச்சம், நேரம் மிச்சம். விலை கூடுதல் என்பது உண்மை. நல்ல பொருள்தான். ஆனால் ஆசிட்டே இல்லை என்று சொல்லி விற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் ஊர் தருமபுரி என்பதால் இன்னொன்று. அங்கே பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அந்த நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாது. மகளின் பல்லில் பழுப்புக் கறையோ வெள்ளைக் கோடுகளோ இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அத்தகைய பல்லுக்கு வழக்கமான ஜெல்லையே கூடுதல் நேரம் வைக்க நேரலாம். உங்கள் மகளைப் பொறுத்தவரை விலை குறைந்ததே பொருத்தமானதாகவும் இருக்கக்கூடும்.

அந்த 3,000 ரூபாய்? எனாமலைத் தயார் செய்யாமல் கிளிப் ஒட்டவே முடியாது. தையற்காரர் ஊசியில் நூல் கோத்ததற்குத் தனிக் கூலி கேட்டால் கொடுப்போமா? மொத்தக் கட்டணத்துக்குள் சேர்க்கச் சொல்லுங்கள். பல்லைச் சுத்தம் செய்வது, ஊத்தை எடுப்பது போன்றவற்றையும் அதில் அடக்கியிருந்தால் நியாயம், எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மகனுக்குக் கிளிப் போட்ட முதல் வாரத்திலேயே இரண்டு கழன்றுவிட்டன. திரும்ப ஒட்ட ஒவ்வொன்றுக்கும் 300 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?
- வாசகர், மதுரை

பதில்: சீடை, முறுக்கு, கரும்பு கடித்தானா என்று மகனைத் தனியாக விசாரியுங்கள். கடித்திருந்தால் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால், கழன்ற துண்டைப் பாருங்கள். பசை முழுவதும் துண்டோடு வந்து பல் சுத்தமாக இருந்தால், பல்லில் பிடிப்பே சரியில்லை என்று சந்தேகிக்கலாம். அரித்து உலர்த்திய இடத்தில் ஒரு துளி எச்சில் பட்டாலும் போதும், பிடிப்பு போய்விடும். மறுபடி அரிக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிடுபவர்கள் உண்டு. இது குறிப்புத்தான், தீர்ப்பல்ல. ஆனாலும் முதல் வாரத்தில் கழன்றதை இலவசமாக ஒட்டித் தரக் கேட்பதில் தவறில்லை.

மறுத்தால் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 600 ரூபாய்க்காக அதுவரை போக வேண்டாம் என்பது என் எண்ணம்; மூன்றாவதும் கழன்றால் போகலாம்.