கணினிப் படத்தை வீடியோ கேசட்டில் பதியலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுத் திருமண வீடியோ கணினியில் ஒரு கோப்பாக இருக்கிறது. என் தாயாருக்கு வி.சி.ஆரில் கேசட் போட்டுப் பார்ப்பது மட்டுமே பழக்கம். பென்டிரைவில் நகலெடுப்பதைப் போல அந்தக் கோப்பை வி.எச்.எஸ். கேசட்டில் நகலெடுக்க வழி உண்டா?

பதில்: கேசட்டில் ஏற்ற வழி உண்டு, ஆனால் அது நகலெடுக்கும் வேலை அல்ல. வி.சி.ஆருக்குக் கோப்பு என்ற ஒன்றே தெரியாது. தன் உள்ளீட்டுத் துளையில் வந்து சேரும் படச் சிக்னலை, அது வந்துகொண்டிருக்கும் அதே வேகத்தில் நாடாவில் காந்தப் பதிவாக எழுதுவது மட்டுமே அதன் பணி. ஆகவே கணினியில் படத்தை ஓடவிட்டு, வி.சி.ஆரில் பதிவுப் பொத்தானை அழுத்தி, இரண்டு மணி நேரப் படமானால் இரண்டு மணி நேரமும் காத்திருக்க வேண்டும். இடையில் கணினி உறங்கினாலோ, திரையில் ஏதேனும் அறிவிப்பு எழுந்தாலோ அதுவும் கேசட்டில் பதிந்துவிடும் என்பதால், அவற்றையெல்லாம் முன்னதாகவே நிறுத்திவிடுங்கள்.

இன்றைய கணினியில் இருப்பது எச்.டி.எம்.ஐ. துளை; வி.சி.ஆரில் இருப்பவை படத்துக்கு மஞ்சள், ஒலிக்கு வெள்ளையும் சிவப்பும். இரண்டுக்கும் நடுவே எச்.டி.எம்.ஐ. சிக்னலை ஏ.வி. சிக்னலாக மாற்றும் சிறு பெட்டி ஒன்று தேவை. இதே தோற்றத்தில் எதிர்த்திசையில் வேலை செய்யும் பெட்டியும் விற்கப்படுகிறது, அது உங்களுக்குப் பயன்படாது. ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ.யும் மறுமுனையில் மூன்று வண்ணப் பிளக்குகளும் கொண்ட வெறும் கம்பியையும் வாங்கிவிடாதீர்கள். டிஜிட்டல் சிக்னலை அனலாக் சிக்னலாக மாற்றும் மின்சுற்று அதனுள் இல்லாததால் படம் வராது. பெட்டியை இணைத்த பின், கணினியின் ஒலி அமைப்பில் எச்.டி.எம்.ஐ.யைத் தேர்ந்தெடுத்து, வி.சி.ஆரை ஏ.வி. அல்லது லைன் என்ற உள்ளீட்டுக்கு மாற்றுங்கள்.

நான் மிகுதியும் வற்புறுத்த விரும்புவது படத்தின் வடிவத்தைப் பற்றித்தான், ஏனெனில் பலர் கவனிக்கத் தவறும் இடம் அதுவே. உங்கள் கோப்பு பெரும்பாலும் 16:9 என்ற அகலப்படமாக இருக்கும், வி.எச்.எஸ். உருவானதோ 4:3 என்ற விகிதத்துக்கு. மலிவான மாற்றிகள் அகலப்படத்தை அப்படியே பக்கவாட்டில் நெருக்கி 4:3க்குள் அடைத்துவிடுவதால், முகங்கள் எல்லாம் ஒல்லியாக நீண்டு தெரியும். பழைய 4:3 தொலைக்காட்சியில்தான் உங்கள் தாயார் பார்ப்பார் என்றால், படத்தொகுப்பு மென்பொருளில் மேலும் கீழும் கருப்புப் பட்டை விட்டு 4:3 வடிவில் ஒரு தனிக் கோப்பை உருவாக்கிக்கொண்டு, கணினியின் வெளியீட்டையும் 4:3 விகிதமுள்ள 1024க்கு 768 போன்ற அளவில் வைத்துப் பதியுங்கள். அப்போது நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில், திரையில் தெரியும் 576 கோடுகளில் 432 மட்டுமே படத்துக்குக் கிடைக்கும். சிறிய இழப்புதான், என்றாலும் முகங்கள் முகங்களாக இருக்கும்.

தெளிவு குறையும் என்பதையும் மனத்தில் வையுங்கள். வி.எச்.எஸ். நாடா படத்தின் குறுக்கே ஏறத்தாழ 240 கோடுகள் அளவு நுணுக்கத்தை மட்டுமே தாங்கும். நிறத்தை அதைவிடவும் குறைவாகவே தாங்கும் என்பதால் அடர்சிவப்புப் புடவையின் நிறம் ஓரங்களில் கசிந்து தெரிவதைத் தடுக்க முடியாது. படத்தில் பெயர்களோ தேதியோ எழுத்தாக வந்தால், அவற்றைத் தடித்த பெரிய எழுத்தில், திரையின் விளிம்பிலிருந்து நன்கு உள்ளே தள்ளி அமையுங்கள். பழைய தொலைக்காட்சிகள் விளிம்புப் பகுதியைச் சட்டத்துக்குள் மறைத்துவிடும்.

நெடுநாள் கிடந்த கேசட்டாக இருந்தால், முதலில் கடைசி வரை ஓடவிட்டு மீண்டும் சுற்றுங்கள். முதுகுப்புறத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகடு உடைக்கப்பட்டிருந்தால் வி.சி.ஆர். பதிய மறுக்கும், அந்தத் துளையை ஒட்டுநாடாவால் மூடினால் போதும். பதிவு முடிந்ததும் ஒட்டியதை எடுத்துவிடுங்கள், தவறுதலாக யாரும் அழித்துவிட முடியாது. இ-180 கேசட்டில் பால் முறையில் இயல்பு வேகத்தில் 3 மணி நேரம் பதியலாம். இடம் மிச்சமாகும் என்று எல்.பி. என்ற பாதி வேகத்துக்குப் போக வேண்டாம். முழுப் படத்தையும் பதிவதற்கு முன் ஐந்து நிமிடம் மட்டும் பதிந்து, தாயார் பார்க்கப்போகும் அதே வி.சி.ஆரில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மாற்றியை வைத்துத்தான் பதிந்தேன். ஒலி சரியாக இருக்கிறது, ஆனால் படம் கருப்பு வெள்ளையாக வந்து மேலும் கீழும் உருளுகிறது. கேசட் பழுதா?

பதில்: கேசட்டின் மீது குற்றம் இருப்பதாகத் தோன்றவில்லை. தொலைக்காட்சிச் சிக்னலில் முறைகள் வேறுபடுவதுதான் காரணமாக இருக்கும். பால் முறையில், திரையில் தெரியாதவற்றையும் சேர்த்து 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள்; அமெரிக்கா போன்ற நாடுகளின் என்.டி.எஸ்.சி. (NTSC) முறையில் 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். நிறத்தைச் சிக்னலில் ஏற்றும் விதமும் இரண்டிலும் வேறு. மாற்றி ஒரு முறையிலும் வி.சி.ஆர். மற்றொரு முறையிலும் இருந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். பல மாற்றிகளின் பக்கவாட்டில் இதற்கென ஒரு சிறு சுவிட்ச் உண்டு; அதை உங்கள் வி.சி.ஆருக்கு ஏற்ற பக்கம் தள்ளிவிட்டு மீண்டும் பதியுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது சிறு கேசட்டில் பதியும் மினி-டி.வி. (MiniDV) கேமரா. அதன் நாடாவுக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. மினி-டி.வி. நாடாவில் பதிவதே டிஜிட்டல் தகவல் என்பதால் அனலாக் மாற்றி வேண்டியதில்லை. ஃபயர்வயர் (FireWire) என்ற பழைய வகை இணைப்புத் துளை உள்ள கணினியும் அதற்குரிய கேபிளும் இருந்தால், டி.வி. (DV) என்ற டிஜிட்டல் வீடியோ வடிவத்துக்கு மாற்றிய கோப்பைத் தரம் குறையாமல் நாடாவுக்கு அனுப்பலாம். மணிக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. இடம் பிடிக்கும் இந்தக் கோப்பும் ஓடும் வேகத்திலேயே பதிவாகும். கேமராவின் யு.எஸ்.பி. துளை இந்த வேலைக்கு உதவாது. ஐரோப்பியச் சந்தைக்கென விற்கப்பட்ட சில கேமராக்களில் வெளியிலிருந்து பதியும் வசதி முடக்கப்பட்டிருக்கும் என்பதால், ஃபயர்வயர் கேபிள் வாங்கும் முன் கையேட்டில் டி.வி. உள்ளீடு (DV-in) குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.