வீட்டு பிபி மெஷினில் பத்து நிமிடத்துக்குள் மேல் எண் 152, 141, 134 என்று மூன்று விதமாக வருகிறது. மெஷின் கெட்டுவிட்டதா? தலைவலிகூட இல்லை, பயப்பட வேண்டுமா?

மெஷினைக் குறை சொல்லத் தோன்றவில்லை. வந்து உட்கார்ந்ததும் எடுக்கும் முதல் அளவு கூடுதலாக இருப்பது சகஜம். எண்கள் வரிசையாக இறங்குவதைப் பார்த்தால், ஓய்வெடுக்காமலே பட்டனை அழுத்தியிருக்கிறீர்கள்.

முதலில் கையில் சுற்றும் பட்டையை, அதாவது கஃப்பைக் கவனியுங்கள். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் இல்லாத பிரஷரையும் காட்டும். உள்ளே காற்று ஏறும் பை, மேல்கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, வெறும் தோலில் கட்டுங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். இதயத்துக்குக் கீழே 10 செ.மீ. தாழ்ந்தாலே 7, 8 புள்ளி ஏறிவிடும். முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா இருங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு அளக்காதீர்கள். காபி, சிகரெட் என்றால் அரை மணி நேரம் போகட்டும். அளக்கும்போது பேசவும் கூடாது, “எவ்வளவு காட்டுது?” என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதும் பேச்சுதான்.

காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிடம் விட்டு, 7 நாள் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 (மேல் எண் 135, கீழ் எண் 85) அல்லது அதற்கு மேல் என்றால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். கிளினிக்கில் 140/90 என்பது வழக்கமான வரம்பு. அமெரிக்க வழிகாட்டுதல் 2017 முதல் 130/80 என்கிறது.

தலைவலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிரஷரால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிப்பதும், சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுவதும் வலிக்காது. பலருக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் பிரஷர் இருந்ததே தெரிகிறது. “நார்மல் ஆகிவிட்டது” என்று மாத்திரையை நிறுத்துவது இதைவிட மோசம். நார்மல் ஆனதே மாத்திரையால்தான். மூட்டுவலிக்கு அடிக்கடி இபுப்ரோஃபென் போடுபவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது பிரஷரை ஏற்றும்.

180/120-க்கு மேல் காட்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எதுவும் இல்லையென்றால் சில நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். நீங்களாக இன்னொரு மாத்திரையை விழுங்காதீர்கள். பிரஷர் சடாரென்று விழுந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும்.