லினக்ஸில் ஒரே ஃபைல் பல இடத்தில் கிடக்கிறது. டெர்மினலிலேயே கண்டுபிடித்து அழிப்பது எப்படி?

இந்தக் கேள்விக்கு எல்லா இடத்திலும் முதலில் வரும் பதில் ஒற்றை வரிதான்: எஃப்டியூப்ஸ் (fdupes, நகல் ஃபைல்களைத் தேடும் கட்டளை), ஒரு ஹைஃபன், பிறகு சின்ன ஆர், சின்ன டி, பெரிய என். தயவுசெய்து அதை அடிக்காதீர்கள். ஆர் என்றால் உள்ஃபோல்டர் வரை தேடு. டி என்றால் அழி. பெரிய என் என்றால் என்னைக் கேட்காதே. ஒவ்வொரு குழுவிலும் முதல் ஃபைலை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நீக்கிவிடும். எது முதல் என்பதை, நீங்கள் வேறு மாதிரி சொல்லாவிட்டால், ஃபைல் திருத்தப்பட்ட நேரம் முடிவு செய்யும். நகலெடுத்தபோது நேரம் மாறியிருந்தால், வருடவாரியாக அடுக்கி வைத்த படம் போய் டவுன்லோட்ஸில் கிடந்த படம் தங்கும். குப்பைத்தொட்டிக்கும் போகாது, நேராக அழிந்துவிடும்.

உங்களிடம் பழைய ஹார்ட் டிஸ்க், போன் பேக்கப், அந்த பேக்கப்புக்கும் ஒரு பேக்கப் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் பார்க்க மட்டும் செய்யுங்கள். எஃப்டியூப்ஸில் சின்ன ஆர், சின்ன எம் கொடுத்தால் எத்தனை நகல், எவ்வளவு இடம் என்று மொத்தக் கணக்கு வரும். எம்முக்குப் பதில் பெரிய எஸ் போட்டால் அளவோடு பட்டியல் வரும். சின்ன என் எழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது காலி ஃபைல்களைத் தவிர்க்கும். பூஜ்ய பைட் ஃபைல்கள் எல்லாமே ஒன்றுக்கொன்று "நகல்"தான், ஆனால் பைத்தான் தொகுப்புகளில் காலியாக இருக்கும் இனிட் ஃபைலுக்கு அங்கே வேலை இருக்கிறது. அதே காரணத்தால் நிரல் எழுதுபவர்களின் கிட் ஃபோல்டர், நோட் மாட்யூல்ஸ், மற்றும் சிஸ்டம் ஃபோல்டர்கள் பக்கம் இந்தக் கருவிகளைக் கொண்டுபோகவே வேண்டாம்.

எஃப்டியூப்ஸ் ஒப்பிடுவதற்கு எம்டி5 ஹாஷைப் பயன்படுத்துகிறது. ஹாஷ் என்றால் ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஒரு எண். "எம்டி5 உடைந்த ஹாஷ் ஆயிற்றே, வேறு வேறு ஃபைலுக்கும் ஒரே ஹாஷ் வரலாமே" என்று யாராவது வருவார்கள். தெரியும். 2017இல் எஸ்எச்ஏ-1 என்ற இன்னொரு ஹாஷ் ஒன்றாக வரும்படி செய்த இரண்டு பிடிஎஃப்களைச் சேர்த்ததில், வெப்கிட் என்ற பிரவுசர் எஞ்சின் திட்டத்தின் சப்வெர்ஷன் களஞ்சியமே பழுதானது. ஆனால் எஃப்டியூப்ஸ் ஹாஷை மட்டும் நம்புவதில்லை. அளவு, ஹாஷ் என்று வடிகட்டி, கடைசியில் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நகல் என்கிறது.

அழிப்பதற்கு நான் சொல்வது ஆர்எம்லின்ட் (rmlint) என்ற இன்னொரு கருவி. அது தானாக எதையும் அழிக்காது. என்ன செய்யலாம் என்று ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது பிறகு ஓட்டக்கூடிய கட்டளைகளின் ஃபைல், எழுதி வைக்கும், அவ்வளவுதான். கட்டளையில் பழைய பேக்கப் ஃபோல்டரை முதலில் எழுதி, இரட்டைச் சாய்கோடு போட்டு, அதன்பின் உங்கள் முதன்மை ஃபோல்டரை எழுதுங்கள். கூடவே சின்ன கே, சின்ன எம். கே இருந்தால் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளதில் ஒன்றையும் தொடாது. எம் இருந்தால் முதன்மையில் நகல் உள்ள ஃபைலை மட்டுமே கணக்கில் எடுக்கும். பெரிய டி-யோடு (T) டிஎஃப் (df) என்று கொடுங்கள், இல்லாவிட்டால் காலி ஃபோல்டர், உடைந்த லிங்க் எல்லாம் ஸ்கிரிப்டில் ஏறிவிடும். பிறகு ஸ்கிரிப்டைத் திறந்து படியுங்கள். சின்ன என் போட்டு ஒத்திகை ஓட்டுங்கள். உண்மையாக ஓட்டும்போது சின்ன பி (p) சேர்த்தால், அழிக்கும் முன் இன்னும் ஒரே மாதிரிதான் இருக்கின்றனவா என்று மறுபடி சரிபார்க்கும்.

அழித்தும் இடம் கூடவில்லையா? உங்கள் டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டம் பிடிஆர்எஃப்எஸ் என்றால் பழைய ஸ்னாப்ஷாட், அதாவது முந்தைய நிலையின் பதிவு, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஹார்ட் லிங்க்காக இருந்தாலும் அதே கதை: இரண்டு பெயர், ஒரே தரவு, ஒன்றை நீக்கினால் ஒரு பைட்கூட மிச்சமாகாது.

வாட்ஸ்அப்பில் படமாக வந்ததும் கேமராவில் உள்ள மூலமும் இந்த வலையில் சிக்காது. அனுப்பும்போதே சுருக்கப்படுவதால் பைட்டுகள் வேறு. அதற்கு ஃபைண்ட்இமேஜ்டியூப்ஸ் போல உருவத்தை ஒப்பிடும் கருவி வேண்டும். அதன் முடிவைக் கண்ணால் பார்க்காமல் எதையும் நீக்காதீர்கள்.

கேட்கவில்லை என்றாலும் இதைச் சொல்லியாக வேண்டும். தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு ஒரு தனித் தொல்லை இருக்கிறது. 'கொலு' என்ற பெயரில் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பிரித்தே வைக்கும், லினக்ஸில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சேர்ந்தே விழும். இரண்டும் ஒரு டிஸ்க்குக்கு வந்தால், ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்! பெயரை நம்பும் எல்லா ஸ்கிரிப்டும் இங்கே தோற்கும். இத்தனை வருடமாக தமிழ் யூனிகோடில் இருந்தும் ஃபைல் மேனேஜர்கள் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாதது எனக்கு உண்மையாகவே வருத்தம். முதலில் ஆர்எம்லின்ட்டால் நகலை நீக்கிவிட்டு, பெயரின் குறியாக்கத்தை மாற்றும் கான்வ்எம்வி (convmv) கட்டளையை, பிரிந்த குறியை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி தெரிவோடு ஓட்டுங்கள். நோடெஸ்ட் என்று சேர்க்காதவரை அது வெறுமனே காட்டும், பெயரை மாற்றாது.